முகவரி தெரிந்தவள்

அண்ணனுடைய முன்பற்கள் மூன்றும் ஒரு அட்டைப்பெட்டிக்குள், பஞ்சு சுற்றி, பல்லத்தையிடம் வந்து சேர்ந்தன. கூரியர்காரர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்னமோ கடகடங்குது மேடம். உடைஞ்சிருந்தா நாங்க பொறுப்பில்ல" என்றார்.

"உடைஞ்சதாலதான் அனுப்பியிருக்காங்க. குடுங்க" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

பல்லத்தைக்குச் சொந்தப் பெயர் வேறு. அண்ணன் மகள் பேச ஆரம்பித்த புதிதில், அத்தையின் மேசையில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டுகளைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டுவிட்டது. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, நோயாளியின் ஈறு நிறத்துக்கு ஒத்த தட்டில் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. அவள் வேலை செய்யும் லேப், மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் பிளாஸ்டர் தூசி, இன்னொன்றில் பாலிஷ் மெஷின் போடும் சத்தம். பேச வேண்டுமென்றால் மாடிப்படிக்குத்தான் வர வேண்டும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எப்போதோ ஒரு ஸ்பானர் நழுவி முகத்தில் அடித்ததில் முன்பற்கள் போய், தங்கை கையாலேயே செய்த கழற்றி மாட்டும் தட்டு ஒன்று அவன் வாயில் இருந்தது. வெளிநாட்டுக்கும் அதோடுதான் போனான். இப்போது அது இரண்டாகப் பிளந்துவிட்டது.

"இங்க ஒட்டித் தரக் கேக்குற காசுக்கு நான் ஒரு லிஃப்டே வாங்கிடலாம்" என்றான் போனில். மூன்று பல் இல்லாததால் 'லிஃப்ட்' காற்றாக வெளியே வந்தது. "நீ சரி பண்ணி அனுப்பு. அதுவரைக்கும் வாயத் தொறக்காம ஓட்டிக்கறேன். புது அட்ரஸ் அனுப்பறேன், அதுக்கு அனுப்பு. யாருகிட்டயும் குடுத்துடாத."

"யாருன்னா?"

"யாருன்னா யாருதான்."

அந்த 'யாரு' யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணி.

அண்ணனும் அண்ணியும் பிரிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. அவன் வெளிநாட்டில் வேலை என்று போனான், வருவதும் போவதும் குறைந்தது, வந்தபோதெல்லாம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போனது, கடைசியில் அண்ணிதான், "இப்படி இருக்கறதுக்குப் பேரு குடும்பமா?" என்று கேட்டாள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். மகள் அம்மாவிடம். மாதாமாதம் மகளுக்கு இவ்வளவு என்று நீதிபதி ஒரு தொகை சொன்னார். அண்ணன் தலையாட்டினான், ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக அனுப்பவும் செய்தான். பிறகு ஒரு மாதம் தவறியது, அடுத்த மாதமும் தவறியது. பிறகு அவன் நம்பரே மாறிவிட்டது. புது நம்பர் தங்கைக்கு மட்டும் வந்தது.

மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. பத்து வயது. பெயருக்கு ஏற்ற பெண். அண்ணி மருந்துக்கடையில் பில் போடுகிறாள்; மதியம் வரை ஒரு கடை, மாலையில் இன்னொரு கடை. இடைப்பட்ட நேரத்தில் வாலு பல்லத்தையின் லேபில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், மெழுகில் யானை செய்வாள், லேப் முதலாளியிடம் திட்டு வாங்குவாள்.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். "இது யாரு பல்லு?" என்றாள்.

"ஒரு ஆளோடது."

"பாவம். அவரு எப்படிச் சாப்பிடுவாரு?"

பல்லத்தை உடைந்த விளிம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தட்டைச் சேர்த்து, கம்பிக் கொக்கியை மாற்றி, மெருகேற்றி, மறுநாளே அனுப்பிவிட்டாள். பெட்டியின் மேல் அண்ணனின் முகவரியைத் தன் கையாலேயே எழுதினாள். எழுதும்போதுதான், இந்த நாலு வரியைத் தேடித்தான் அண்ணி ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு உறைத்தது.

நாடு விட்டு நாடு போன பெற்றோரிடம் பிள்ளைகளுக்கான பணத்தை வசூலிக்க அரசாங்கத்தில் ஒரு பிரிவு உண்டு. அண்ணி அங்கே மனுக் கொடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அங்கிருந்த அதிகாரி அம்மாள் நல்லவள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுப் பேசுவாள். "உங்க கோர்ட்டு ஆர்டருக்கு நம்ம எல்லை வரைக்கும்தாம்மா கால் இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் அவங்க ஆபீஸ்தான் தூக்கிட்டு நடக்கணும். அவங்க நடப்பாங்க. ஆனா எந்த வீட்டுக்குன்னு சொல்லணுமே?" என்றாள். பழைய முகவரிக்குப் போன கடிதம், ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. பழைய கம்பெனி, அவர் இங்கே இல்லை என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தது.

அண்ணி பல்லத்தையிடம் ஒருமுறைதான் கேட்டாள். "உங்க அண்ணன் எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியுமா?" அப்போது அவளிடம் நம்பர் மட்டும்தான் இருந்தது, இடம் உண்மையிலேயே தெரியாது. தெரியாது என்றாள். அண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை. அதன் பிறகும் வாலுவை லேபுக்கு அனுப்பத்தான் செய்தாள்.

இப்போது தெரியும். தெரிந்த பிறகு அண்ணி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடிப்பது பல்லத்தைக்குச் சங்கடமாக இருந்தது. வாலுவுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அண்ணி அதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தாள். பல்லத்தை தானே வாங்கித் தருவதாகச் சொன்னபோது அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு அப்பன் இருக்காரு. நீ ஏன் வாங்கணும்?" என்றாள்.

பல்லத்தைக்கும் அண்ணனுக்கும் இடையில் இருந்தது சாதாரணக் கணக்கு இல்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, லிஃப்ட் கம்பெனியில் வாங்கிய முதல் சம்பளத்தோடு அவளைப் பல் கட்டும் படிப்பில் சேர்த்துவிட்டவன் அவன். பீஸ் கட்டும் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொன்னவன். அப்படிப்பட்டவனை எப்படிக் காட்டிக் கொடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டாள்.

"பல்லு கச்சிதமா இருக்கு" என்றான் அண்ணன் சந்தோஷமாக. "பழையபடி விசில் அடிக்கிறேன், கேக்கறியா?"

"அண்ணே, வாலுவுக்குப் பணம் அனுப்பு."

விசில் வரவில்லை.

"அவ கேக்கச் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்கறேன்."

"அனுப்பறேன். அடுத்த மாசத்துலேர்ந்து. கொஞ்சம் கை கடிக்குது."

அடுத்த மாதம் வந்தது; பணம் வரவில்லை. மறுபடி கேட்டாள். இந்த முறை அவன் குரல் ஏறியது. "அவதான் ரெண்டு கடையில சம்பாதிக்கறாளே? வீட்டுல உக்காந்து கேட்டா குடுத்திருப்பேன். கோர்ட்டு, ஆபீஸுன்னு என்னைத் திருடன் மாதிரித் தேடறா. அதுக்குப் பயந்து குடுக்கணுமா?"

"நீ நம்பர மாத்திக்கிட்டா அவங்க எப்படித் தேடுவாங்க?"

"நீ யாரு பக்கம்?"

"அண்ணே, நான் அட்ரஸக் குடுக்கப் போறேன். உன் முதுகுக்குப் பின்னாடி செய்ய வேண்டாம்னுதான் சொல்லிட்டுச் செய்யறேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. "பல்லக் கட்டிக் குடுத்த கையாலயே பல்லப் பிடுங்கறியா?" என்றான். போனை வைத்துவிட்டான்.

அன்று மாலையே பல்லத்தை முகவரியை எழுதி அண்ணியிடம் கொடுத்தாள். கூடவே, கொடுக்கப் போவதாக அண்ணனிடம் சொல்லிவிட்டதையும் சொன்னாள். அண்ணிக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. திட்டுவதுதான் முதலில் வந்தது.

"முன்னாடியே சொல்லிட்டியா? நீ என்ன லூசா? நாளைக்கே மூட்டையக் கட்டிட்டு அவரு வேற ஊருக்குப் போயிட்டா?"

"போக மாட்டான் அண்ணி."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. போக மாட்டான்னு நெனைக்கிறேன்."

அண்ணி காகிதத்தை மடித்து மணிபர்சில் வைத்தாள். பிறகு திறந்து மறுபடி படித்தாள். "கையெழுத்து மட்டும் முத்து முத்தா இருக்கு" என்றாள்.

அண்ணன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. நல்ல வேலையை விட மனமில்லையோ, தங்கை நிஜமாகச் செய்யமாட்டாள் என்று நினைத்தானோ, ஓடி ஓடி அலுத்துவிட்டானோ. சில வாரங்களில் அந்த நாட்டு ஆபீஸ் அவனைப் பிடித்துவிட்டது. இந்தக் கோர்ட்டின் ஆணையை அங்கே பதிவு செய்யப் போகிறோம், உமக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். அவன் இரண்டு சொன்னான். ஒன்று, இடையில் வேலை இல்லாமல் இருந்தேன். இரண்டு, பாக்கியில் பாதியை என் தங்கை மூலமாகக் கையில் கொடுத்துவிட்டேன்.

விசாரணைக்கு முந்தின வாரம் அவனே போன் செய்தான். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் முறை. குரலில் கோபம் இல்லை. அதுதான் பல்லத்தையைப் பயமுறுத்தியது.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பணம் உன் கைக்கு வந்துச்சான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லு. ஒரே ஒரு ஆமா."

"நீ ஒரு தடவை வாலுவுக்கு சைக்கிள் வாங்க அனுப்பினியே, அதச் சொல்றேன்."

"சைக்கிள் எந்த மூலைக்கு? நான் சொன்னத மட்டும் சொல்லு."

"நடக்காதத எப்படிண்ணே சொல்றது?"

"உன்ன யாரு படிக்க வச்சது?"

"நீதான்."

"அப்புறம்?"

பாலிஷ் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. பல்லத்தை மாடிப்படியின் கடைசிப் படிக்கு இறங்கிப் போனாள்.

"அந்தக் கடன் என்னோடதுண்ணே. வாலுவோடது இல்ல. நீ என்கிட்ட கேளு, மாசாமாசம் உனக்கு அனுப்பறேன். சாகற வரைக்கும்கூட அனுப்பறேன். அவ பங்க எடுத்து என் கடன அடைக்கச் சொல்லாத."

அண்ணன் வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தாள், வைக்கவில்லை. பிறகு வைத்தான்.

விசாரணை அந்தக் கண்ணாடி அதிகாரியின் ஆபீஸில், ஒரு சின்ன அறையில், டி.வி. திரை வழியாக நடந்தது. அண்ணியும் பல்லத்தையும் இந்தப் பக்கம். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் அந்த நாட்டு அதிகாரி, இன்னொன்றில் மொழிபெயர்க்கும் பெண், மூன்றாவதில் அண்ணன். நீலச் சட்டையில், கம்பெனிப் பெயர் பொறித்த பையோடு, வேலையிலிருந்து நேராக வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அண்ணி அவனைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தாள்.

முதலில் அவன் வேலை போன கதை வந்தது. கம்பெனி திடீரென்று ஆட்களைக் குறைத்தது. ஒரு அறையில் எட்டுப் பேரோடு தங்கி, கிடைத்த நாளில் சரக்கு இறக்கினான். "அந்தச் சமயத்துல வாய்க்கும் கைக்குமே பத்தலைங்க" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்டு அந்த நாட்டு அதிகாரி அக்கறையாக முன்னால் சாய்ந்தார். திரும்பி வந்த கேள்வி: "வாயிலும் கையிலும் என்ன காயம்? மருத்துவச் சான்று இருக்கிறதா?"

இந்தப் பக்கம் கண்ணாடி அதிகாரி இருமல் மாதிரி ஒன்று செய்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் அண்ணனும் தலையைக் குனிந்தான்; தோள் குலுங்கியது. காயம் இல்லை, பணம் இல்லை என்று அர்த்தம் என்பதை விளக்கச் சற்று நேரம் பிடித்தது.

வேலை இல்லாததற்கு அவனிடம் தாள்கள் இருந்தன. எல்லாம் உண்மை. அண்ணி பல்லத்தையின் பக்கம் திரும்பி மெதுவாக, "உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"சத்தியமா தெரியாது அண்ணி."

பிறகு பல்லத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணன் முகம் இப்போது நேர் எதிரே, கை நீட்டினால் தொடலாம் போல.

குழந்தையின் பராமரிப்புக்கு என்று இவரிடமிருந்து உங்களுக்குப் பணம் வந்ததா என்று கேட்டார்கள்.

"பராமரிப்புக்கு வரலைங்க. ஒரு தடவை பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்க அனுப்பினாரு. வாங்கிக் குடுத்தேன். அவரு அனுப்பினது அது ஒண்ணுதான்." நிறுத்தினாள். கேட்காததையும் சொல்லலாமா என்று கண்ணாடி அதிகாரியைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள். "இன்னொண்ணும் சொல்லணுங்க. அவரு கெட்டவரு இல்ல. என்னைப் படிக்க வச்சவரே அவருதான். வேலை போனத எங்க யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

மொழிபெயர்ப்பாளர் பேசி முடிக்கும்வரை அண்ணன் அசையவில்லை. ஆட்சேபம் ஏதாவது உண்டா என்று அவனிடம் கேட்டார்கள். அவன் பொய்யைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு பொய் சொல்லவில்லை.

"அவ சொல்றது சரிதாங்க" என்றான்.

தீர்ப்பு கொஞ்ச நாள் கழித்து வந்தது. வேலை இல்லாத மாதங்களுக்குத் தொகையைக் குறைத்தார்கள். சைக்கிள் பரிசுதான், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்கள். மீதிப் பாக்கியைத் தவணையாகவும், இனி மாதத் தொகையைச் சம்பளத்திலிருந்தே பிடித்தும் அனுப்பக் கம்பெனிக்கு உத்தரவு போனது. அண்ணி கேட்டது முழுதாகவும் கிடைக்கவில்லை. அண்ணன் கேட்டது முழுதாகவும் நடக்கவில்லை.

தீர்ப்பை வாங்கிக்கொண்டு ஆபீஸிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "வேலை போனத என்கிட்ட சொல்லியிருந்தா, கொஞ்ச நாளைக்கு வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்னு நானே சொல்லியிருப்பேன்" என்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டி, "சொல்லியிருப்பேனான்னும் தெரியல. அப்ப எனக்கு இருந்த கோவத்துக்கு" என்றாள்.

பணம் வரத் தொடங்கியது. முதல் மாதம் வாலுவுக்குக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்தவள், எதிர்க் கட்டிடத்துப் பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துப்பிழையை முதலாளிக்குக் காட்டினாள். இரண்டாவது மாதம் அண்ணி மாலைக் கடையை விட்டாள்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அண்ணன் மகளுக்குப் போன் செய்ய ஆரம்பித்தான். பணம் அனுப்பாத நாட்களில் அவன் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இப்போதுதான் பல்லத்தைக்குப் புரிந்தது: பேசினால் பணப் பேச்சு வரும். இப்போது வருவதற்கு அந்தப் பேச்சு இல்லை. கம்பெனி பிடித்துக்கொள்கிறது, அவன் மகளோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வீட்டுச் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து, வாலு அப்பாவிடம் கேள்வி கேட்பாள். கயிறு அறுந்தா லிஃப்ட் விழுந்துடுமா? நடுவுல நின்னா மூச்சு முட்டுமா? அவன் பொறுமையாகப் பதில் சொல்வான். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பல்லத்தையோடு மட்டும் அவன் பேசவில்லை. அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு மாதம், தான் சொன்ன சொல்லுக்காக, அவன் கணக்குக்குக் கொஞ்சம் பணம் அனுப்பினாள். அது ஒரு வார்த்தையும் இல்லாமல் திரும்பி வந்தது. அண்ணி, "விடு, இறங்கி வருவாரு" என்பாள். எப்போது என்று அவளுக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லத்தை மேசைக்கு இந்தப் பக்கம், திரையில் விழாத இடத்தில், காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாலு பேச்சோடு பேச்சாக, "பல்லத்தையும் இங்கதான் இருக்காங்கப்பா" என்றாள்.

"நல்லா இருக்காளா?" என்று கேட்டது அண்ணன் குரல்.

"அத்தை, நல்லா இருக்கீங்களான்னு அப்பா கேக்கறாரு."

"இருக்கேன்னு சொல்லு."

"இருக்காங்களாம்."

"இருமல் இருந்துச்சே, பிளாஸ்டர் தூசியில? மாஸ்க் போடறாளான்னு கேளு."

"அத்தை, மாஸ்க்..."

"போடறேன்னு சொல்லு. அவரு சாப்பாடெல்லாம் எப்படின்னு கேளு."

வாலு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி மூக்கில் சரிந்திருந்தது. "நான் என்ன இன்டர்காமா?" என்றாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" போனைத் தூக்கி அத்தை பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, துணி காயப்போடுவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போனாள். வாளியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

திரையில் அண்ணன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அவனும் வைக்கவில்லை. பல்லத்தை கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சொல்லுண்ணே" என்றாள்.